பழைய புல்லட்டில் ஜெட் கிட் மாட்டிய பிறகு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பகுதிகளில் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய 350 சிசி புல்லட் இன்னும் தெருவுக்கு ஒன்றாவது நிற்கிறது. எங்கள் பட்டறைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர் கொண்டவை. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது; அதில் பெட்ரோல் அளவாகப் பாய்வதற்கு நுண்துளையிட்ட சிறு பித்தளைத் திருகுதான் ஜெட். புது ஜெட்டுகளும் நீடிலும் அடங்கிய ஜெட் கிட்டை வாங்கி மாட்டுகிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டதால் காற்று கூடுதலாகப் போகிறது என்பது ஒன்று. இப்போது பங்க்கில் ஊற்றும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் வண்டி சூடேறுகிறது என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது 13.5 கிலோ அளவுக்கு இறங்குகிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட் வழியாக இந்த எரிபொருள் போகும்போது, காற்று அப்படியே இருக்க, எரிபொருள் ஏழெட்டு சதவீதம் பற்றாமல் போகிறது. இதைத்தான் பட்டறையில் லீன் என்கிறோம். எதிர்ப்பதமாக எரிபொருள் மிகுந்திருந்தால் ரிச். மிக்கார்ப்பில் இருக்கும் மிகுனி வகை அறுகோணத் தலை மெயின் ஜெட்டில் (முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் தரும் பெரிய ஜெட்) பொறித்திருக்கும் எண், அதன் வழியே எரிபொருள் பாயும் அளவைக் குறிப்பது. ஆகவே 90 இருந்த இடத்தில் 95 போட்டால் ஐந்தரை சதவீதம் கூடும். பற்றாக்குறையில் பெரும்பகுதி ஈடாகிவிடும். கெய்ஹின் என்ற வேறு வகைக் கார்புரேட்டரின் ஜெட்டில் எண்ணுக்குப் பொருள் வேறு; அங்கே அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அதில் 100லிருந்து 105க்குப் போனால் துளையின் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பாவித்து, ஸ்ப்ளெண்டரில் கேட்ட எண்ணைப் புல்லட்டில் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஜெட்டை ஒரு படி ஏற்றுவது தவறான வேலை இல்லை. ஆனால் கிட் மாட்டியபின் கோளாறோடு வரும் வண்டிகளில் ஜெட் எண்ணே குற்றவாளியாக இருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய கையில்தான் பெரும்பாலும் பிழை இருக்கிறது. அதனால் அடுத்த எண்ணைத் தேடிக் கடைக்குப் போகுமுன் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை

ஆக்சிலேட்டர் பிடியிலும் அதன் பக்கத்து ஸ்விட்ச் உறையிலும் வெள்ளை டேப் துண்டுகளை ஒட்டி, மூடிய நிலை, அரைக்கால், கால், அரை, முக்கால், முழுது என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். "மூணாவது கியர்ல நாப்பதுல அடைக்குதுண்ணே" என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதே நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு வேதாரண்யம் பக்கத்துக் கடற்காற்றை எதிர்த்துப் போகும்போது அரை ஆக்சிலேட்டர் வேண்டியிருக்கும், காற்று முதுகில் அடித்தால் கால் போதும். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்துவிட்டால் கார்புரேட்டரின் எந்தப் பகுதியைத் தொடவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மூடிய நிலையிலிருந்து அரைக்கால் வரை பைலட் ஜெட்டும் (ஐட்லிங்குக்கு, அதாவது பிடியைத் திருகாமல் எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு, பெட்ரோல் தரும் சிறு ஜெட்) ஏர் ஸ்குரூவும் (அதில் கலக்கும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) ஆள்கின்றன. அரைக்காலிலிருந்து கால் வரை, ஆக்சிலேட்டர் கேபிள் மேலே தூக்கும் உருளையான ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் பகுதியின் உயரம் பேசும். காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். ஒன்றின் எல்லையில் மற்றொன்று கொஞ்சம் ஏறி நிற்கும். கத்தியால் வெட்டினாற்போல் இருக்காது. ஆனாலும் இந்த வரைபடம் போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை நோட்டில் எழுதி, கழற்றிய பழைய ஜெட்டைப் பெயர் எழுதிய காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும். புது ஜெட்டில் அச்சிட்ட எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. ஒருமுறை ஒரு கிட்டில் ஒரே எண் பொறித்த இரண்டு ஜெட்டுகள் இருந்தன; ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றின் துளை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கிட்டை அத்தோடு ஓரம் வைத்துவிட்டேன்.

முதல் உதையிலேயே எஞ்சின் அலறுகிறது

உடனே பெட்ரோல் காக்கையும் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) சாவியையும் அணைக்க வேண்டும். ஸ்லைடு திரும்பிப் போய்விட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஸ்லைடில் நீளவாக்கில் ஒரு காடி இருக்கும். அது கார்புரேட்டர் உடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளில் உட்கார வேண்டும். சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் மறுபுறமாக இறக்கினால் ஸ்லைடு முழுதும் கீழே போகாது. கிட் மாட்டி முடித்ததும், பெட்ரோலைத் திறப்பதற்கு முன்பே, ஆக்சிலேட்டரை முழுதும் திருகிச் சட்டென்று விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே 'டக்' என்று உலோகம் விழும் ஓசை கேட்க வேண்டும். அந்த ஓசை கேட்காமல் கிக்கரை மிதிக்கவே கூடாது. கேபிளின் உறை அதன் குழியில் சரியாக உட்காராமல் விளிம்பில் நின்றாலும் இதே விளைவுதான். ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பி, ஐட்லிங் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சிலேட்டரை விட்டபின் ஐட்லிங் இறங்க நேரமெடுக்கிறது

முந்தையது போல அலறல் இல்லை. ஆனால் பிடியை விட்டபின் எஞ்சின் ஓரிரு நொடி மேலேயே தொங்கி நின்று, பிறகுதான் மெல்ல இறங்குகிறது. இது எங்கோ திருட்டுக் காற்று நுழைவதன் அடையாளம். புதிதாகப் போட்ட பைலட் ஜெட் சிறியது என்று முடிவுகட்டிப் பெரிய ஜெட் தேடுகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

விஎம்24 எஞ்சின் தலையோடு இரண்டு நட்டுகளால் இறுக்கப்படுகிறது. நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் கருப்பு இன்சுலேட்டர் கட்டையும் ஓ ரிங்கும் உண்டு. முப்பது வருடங்களில் ஒவ்வொரு கையும் அந்த நட்டுகளைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கியிருக்கும். ஓரங்கள் எஞ்சின் பக்கம் வளைந்து, நடுப்பகுதி விலகி நிற்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் படுக்க வைத்து, ஓ ரிங்கைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் அந்த முகத்தை அதன்மேல் நிறுத்தி, எதிர்ப்புறம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். போன மாதம் வந்த ஒரு வண்டியில் நடுவில் வாழைப்பழ வளைவு போல வெளிச்சம் தெரிந்தது. பொட்டு ஸ்டிக்கர் அட்டையை அந்த இடைவெளியில் நுழைக்க முடிந்தது. அந்த வண்டிக்காரர் அதற்குள் மூன்று பைலட் ஜெட்டுகள் வாங்கியிருந்தார்.

தீர்வு எளிது, ஆனால் பொறுமை வேண்டும். அதே கண்ணாடியின்மேல் 220 எண் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் தெளித்து, கார்புரேட்டர் முகத்தை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். முதலில் இரு ஓரங்கள் மட்டும் பளபளக்கும். பளபளப்பு மெல்ல நடுவுக்கு வந்து வட்டத்தை மூடும்போது 400 எண் தாளுக்கு மாறி நிறுத்திவிட வேண்டும். ஓ ரிங் உட்காரும் பள்ளம் ஆழம் குறையும் அளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது. பிறகு புது ஓ ரிங் போட்டு, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் போதும். ஸ்பேனரில் பலம் காட்டும் இடம் இது இல்லை.

கழற்றாமலே சோதிக்க வேண்டுமானால் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பின் மேல் மட்டும் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்துப் பாருங்கள். ஓட்டத்தின் ஓசை மாறினால் அங்கே கசிவு உண்டு. கார்புரேட்டர் கிளீனரை அடித்துச் சோதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சூடான எஞ்சின் மேல் எரியும் திரவத்தைப் பீய்ச்சுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

அடியில் பெட்ரோல் சொட்டுகிறது

கிட் மாட்டிய அன்றே ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடிலைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டரின் அடிக் கிண்ணமான ஃப்ளோட் பவுலில் பெட்ரோல் மட்டம் ஏறியதும், மிதவையான ஃப்ளோட் தள்ளி வழியை மூடும் ஊசி அது. டேங்கின் துருத்தூள் ஒரு மணி அளவு அதன் உட்காரும் இடத்தில் சிக்கினாலே போதும். ஃப்ளோட் பவுலைத் திருப்புளியின் பிடியால் இலேசாகத் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். நின்றுவிட்டால் தூசி, நிற்காவிட்டால் அளவு. கிட்டோடு வந்த ஃப்ளோட் நீடில் பழையதைவிட நீளம் குறைவாக இருந்தால் ஃப்ளோட் இன்னும் மேலே போனபின்தான் அது மூடும். பவுலில் மட்டம் ஏறி, எல்லா ஆக்சிலேட்டர் நிலையிலும் வண்டி ரிச்சாக ஓடும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் கை, கேஸ்கெட் உட்காரும் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். நடுவிலுள்ள சிறு பித்தளை நாக்கை மயிரிழை வளைத்து அதைச் சரிசெய்யலாம். ஃப்ளோட்டையே பிடித்து அழுத்தி வளைப்பது கூடாது.

மட்டம் சரியாகும்வரை எந்த ஜெட்டையும் மாற்றிப் பயனில்லை. ஜெட் எண்ணை வைத்துப் பேசும் எல்லாக் கணக்கும் பவுலில் பெட்ரோல் சரியான உயரத்தில் நிற்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்பதுதான்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது

சோக் என்பது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோலைக் கூட்டி விடுவது. அதோடு மட்டும் ஓடினால் பைலட் ஜெட் அடைப்பு. மெயின் ஜெட் அடைப்பு இப்படிக் காட்டாது. பைலட் ஜெட் ஆழமான கிணற்றுக்குள் இருக்கும். அதன் தலைப் பள்ளம் மென்மையான பித்தளை. அகலம் பொருந்தாத திருப்புளியால் திருகினால் பள்ளம் உடைந்து, பிறகு அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும். பழைய திருப்புளி ஒன்றின் முனையைச் சாணைக்கல்லில் தீட்டி, கிணற்றுக்குள் தடையின்றி இறங்கும்படியும் பள்ளத்தை முழுதும் நிரப்பும்படியும் செய்துகொள்வது நல்லது.

அடைப்பு எடுக்க ஊரில் இரண்டு வழிகள் புழங்குகின்றன: ஒயரிலிருந்து உருவிய செப்புக் கம்பி, விளக்குமாற்று ஈர்க்கு. செப்புக் கம்பி துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும். நாலு தடவை குத்திய 25 எண் ஜெட், உண்மையில் 25 இல்லை. ஈர்க்கு துளையைக் கெடுக்காது, உள்ளே முறிந்து நின்றுவிடும். ஓர் இரவு கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காலையில் கம்ப்ரசர் காற்றால் ஊதினால் போதும். ஊதும்போது ஜெட்டை மட்டும் ஊதாமல், ஸ்லைடுக்கு அருகே உடலில் உள்ள நுண்துளைகளையும் ஊத வேண்டும்; சுத்தமான ஜெட் போட்டும் அதே அறிகுறி தொடர்ந்தால் அந்தத் துளைகள்தான் அடைபட்டிருக்கின்றன.

ரயில்வே கேட்டில் நின்றால் அணைந்துவிடுகிறது

வண்டி ஓடும்வரை குறையில்லை. நீடாமங்கலம் கேட்டில் ஒரு சரக்கு ரயிலுக்கும் அடுத்த பாசஞ்சருக்கும் சேர்த்து நிற்கும்போது, சூடேறிய எஞ்சின் தடுமாறி அணைகிறது. "ஸ்லோவ கொஞ்சம் ஏத்தி வுடுங்கண்ணே" என்பார்கள். ஸ்லைடைத் தூக்கி ஐட்லிங்கை ஏற்றினால் நோய் மறையும். ஆனால் கியர் போடும்போது வண்டி துள்ளும்.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நின்ற இடத்தில் ஏர் ஸ்குரூவை மெல்ல உள்ளே திருகி மூடி, அங்கிருந்து கால் சுற்றாக வெளியே எடுத்து, ஐட்லிங் எங்கே உச்சமாகவும் சீராகவும் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒன்றரைச் சுற்றுக்கு அக்கம்பக்கம் அந்த இடம் வந்தால் பைலட் ஜெட் சரி. ஒரு சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்துவிட்டால் எஞ்சின் இன்னும் பெட்ரோல் கேட்கிறது. ஜெட்டை ஒரு படி ஏற்ற வேண்டும். இரண்டரைச் சுற்று தாண்டியும் உச்சம் வராமல் நல்லதாகிக்கொண்டே போனால் ஜெட் பெரிது. இது ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்குரூவுக்கான கணக்கு. சில வேறு வண்டிகளில் ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருக்கும். அது காற்றை விடாமல் பெட்ரோல் கலவையை விடுவது. அங்கே எல்லாம் தலைகீழ்: வெளியே எடுத்தால் ரிச்.

ஏர் ஸ்குரூவைத் திருகியும் ஐட்லிங்கில் எந்த மாற்றமும் இல்லையென்றால் கார்புரேட்டரை விட்டு விலகிப் பாருங்கள். வால்வுக்கு விடும் இடைவெளியான டேப்பட் இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுதும் மூடாது. குளிர்ந்த எஞ்சினில், கம்ப்ரஷன் உச்சத்தில், வால்வைத் தள்ளும் தண்டான புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அடுத்தது, பிளக்குக்கு மின்பொறி வரவைக்கும் தொடுமுனையான பாயின்ட். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயின்ட்டில் நீலப்பொறி கண்ணுக்குப் பெரிதாகத் தெறித்தால், அங்கே பொறி தெறிக்காமல் அடக்கும் கண்டன்சர் போய்விட்டது. கண்டன்சர் போன வண்டி சூட்டில் அணைவதும், மேல் வேகத்தில் 'மிஸ்ஸிங்' கொடுப்பதும், பார்ப்பதற்கு அச்சாக ஜெட் கோளாறு போலவே இருக்கும்.

எடுக்கும்போது ஒரு கணம் அடைத்துப் பிறகு பாய்கிறது

அரைக்காலிலிருந்து காலுக்குள் இது நடந்தால், பைலட் பகுதியைச் சரிசெய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஸ்லைடு. கிட்டில் ஸ்லைடு வராது. ஸ்லைடு தேய்ந்து, கையால் அசைத்தால் உடலுக்குள் கடகடவென்று ஆடினால் அதன் ஓரங்கள் வழியாகவே காற்று போகிறது. அதற்கு எந்த ஜெட்டும் மருந்தில்லை.

நடுவேகத்தில் இழுத்து இழுத்து விடுகிறது, அல்லது கனமாக ஓடுகிறது

நம் சாலைகளில் ஒரு 350 புல்லட் தன் ஆயுளில் பெரும்பகுதியை இந்த இடத்தில்தான் கழிக்கிறது. ஆற்றங்கரைச் சாலையில், வளைவுக்கு வளைவு, கால் முதல் அரை ஆக்சிலேட்டரில் போகிற வண்டிக்கு நீடிலின் உயரம்தான் எல்லாம். மெயின் ஜெட் எண்ணைப் பற்றி டீக்கடையில் நடக்கும் விவாதத்தில் கால் பங்கு கவனத்தை நீடில் கிளிப்புக்குக் கொடுத்திருந்தால் பல வண்டிகள் பட்டறைக்கே வந்திருக்காது.

பிடியை ஒரே நிலையில் வைத்திருக்கும்போது வண்டி தானே முன்னே தள்ளிப் பின்னே இழுப்பது போல் இருந்தால் லீன். சைலன்சர் ஓசை 'பொத பொத' என்று தடித்து, பிடியைக் கொஞ்சம் குறைத்தால் வண்டி தெளிந்தால் ரிச். நீடிலின் மேல்முனையில் ஐந்து வெட்டுகள் இருக்கும். கிளிப் எந்த வெட்டில் இருக்கிறது என்பதை மேலிருந்து எண்ண வேண்டும். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு இறக்கினால் நீடில் உயரும். உயர்ந்தால் பெட்ரோல் வழி அகலும், ரிச் ஆகும். கிளிப்பை மேல் வெட்டுக்கு ஏற்றினால் நீடில் தாழும், லீன் ஆகும். "ஒரு வெட்டு ஏத்து" என்று ஒருவர் சொன்னால், ஏற்ற வேண்டியது கிளிப்பையா நீடிலையா என்று கேட்டுக்கொள்ளாமல் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு சொல்லால் எதிர்த்திசையில் இரண்டு வெட்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வெட்டில் வைத்தாலும் நடுவில் ரிச்சாகவே இருந்தால் நீடில் ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் நீடில் உரசி உரசி, அதன் வட்டத் துளை ஒரு பக்கம் முட்டை வடிவாகியிருக்கும். கிட்டில் வந்த புது நீடிலைத் தேய்ந்த பழைய நீடில் ஜெட்டில் இறக்குவது வீண். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

தை, மாசியில் மட்டும் இந்தத் தடிப்பு வருகிறதென்றால் கார்புரேட்டரைத் திறக்கவே வேண்டாம். சம்பா அறுவடை நேரத்தில் அறுவடை எந்திரத்தின் தூசியும் சாலையில் காயும் நெல்லின் சுணையும் ஏர் ஃபில்டரை மூடிவிடும். காற்று குறைந்தால் அதே ஜெட் ரிச்சாகத்தான் நடந்துகொள்ளும். ஃபில்டரைச் சுத்தம் செய்தால் பழைய வண்டி திரும்ப வந்துவிடும்.

முழு ஆக்சிலேட்டரில் திணறுகிறது

முதலில் பெட்ரோல் தடையின்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தஞ்சாவூர்–கும்பகோணம் நான்குவழிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் நன்றாகப் பறந்து, பிறகு பட்டினி கிடந்தது போல் துவண்டு, ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடம் கழித்து மீண்டும் ஓடினால், டேங்க் மூடியின் காற்றுத் துளையோ காக்கின் வலையோ அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

அது இல்லையென்றால் மெயின் ஜெட். திணறும்போது சோக்கைக் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தேறினால் லீன், மோசமானால் ரிச். ரிச் என்று ஐயமிருந்தால் ஓடிக்கொண்டே பெட்ரோல் காக்கை மூடலாம்; பவுலில் மட்டம் இறங்க இறங்கக் கலவை மெலியும்; அணையுமுன் சில நொடிகள் வண்டி தெளிவாகப் பாய்ந்தால் ஜெட் பெரிது. இந்தச் சோதனைகளை ஆளில்லாத நேரான சாலையில் மட்டும் செய்ய வேண்டும். அளவு தேடும்போது பெரிய எண்ணிலிருந்து கீழே வருவதே பாதுகாப்பு. ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது கட்டாயம். முழு ஆக்சிலேட்டரில் லீனாக ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பிளக் பார்த்து உறுதி செய்ய வேண்டுமானால், புது பிளக் மாட்டி, சோதிக்கும் ஆக்சிலேட்டர் நிலையிலேயே ஒரு கிலோமீட்டராவது ஓட்டி, கிளட்ச் பிடித்து அங்கேயே எஞ்சினை அணைத்துக் கழற்ற வேண்டும். ஐட்லிங்கில் ஓட்டிக்கொண்டு பட்டறை வாசல்வரை வந்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது ஐட்லிங்கின் நிறத்தைத்தான் காட்டும். வெளுத்த பீங்கான் லீன், கரி படிந்தது ரிச், இளம் காபி நிறம் சரி.

பிடியை விட்டால் சைலன்சரில் வெடிக்கிறது

சைலன்சர் எஞ்சின் தலையில் சேரும் இடத்தில் புகைக்கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்று கசிந்தால் வெடிக்கும். கசிவில்லை என்றால் பைலட் பகுதி லீன்.

மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு

ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டி, மழை விட்டபின் கிளம்பி நூறு அடியில் நின்றுவிடும். ஃப்ளோட் பவுலைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அடியில் கண்ணாடி மணிபோல் தண்ணீர்த் துளிகள் உருளும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஓரளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும்; அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். காக்கின் வாய் அங்கேதான் இருக்கிறது. டேங்கை முழுதும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஜெட்டுக்கு இதில் வேலையில்லை. நிறுத்தி வைக்கும் வண்டிக்கு டேங்கை நிரப்பி, காக்கை மூடி, பவுலை வடித்துவிட்டால் அடுத்த மழைக்கு இது வராது. காக்கின் பழைய ரப்பரும் கார்க்கும் எத்தனாலில் ஊதி இறுகிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மலையேறினால் புகைகிறது

கிட்டோடு வரும் அட்டையில் உயரத்துக்கு ஏற்ற ஜெட் அட்டவணை இருக்கும். கடல் மட்டத்தையொட்டிய நம் ஊர்களுக்கு அது தேவையே இல்லை. ஆனால் இங்கே சரியாக வைத்த அதே வண்டியைக் கொடைக்கானலுக்கு ஓட்டிப் போனால், 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்க, வண்டி கரும்புகை விட்டு மூச்சு வாங்கும். அங்கே தங்கும் நாட்களுக்கு நீடில் கிளிப்பை ஒரு வெட்டு மேலே வைத்து, ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே எடுத்தால் போதும். மெயின் ஜெட்டைத் தொட வேண்டாம். திரும்பும்போது வத்தலகுண்டில் டீ குடிக்க நிறுத்துகிற இடத்திலேயே இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்துவிட்டால் திருச்சி வரை சமவெளி வெயிலில் வண்டி லீனாக ஓடும்.